முதுகெலும்பு ஒடிந்தோரும் தாதியர் கடமையும்

திண்டுக்கல் மைதானப் பிரதேசத்தில் வாழ்வோருக்குக் கிணறு வெட்டுவோரையும் தென்னை ஏறுவோரையும் நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோடை பிறந்தால் வேடசந்தூர்ப் பக்கத்துக் கல்லாங்காடுகளில் பாசனக் கிணறுகளை ஆழப்படுத்தும் வேலை ஆரம்பமாகிவிடும். அய்யம்பாளையம், வத்தலக்குண்டுத் தோப்புகளில் வருஷம் முழுவதும் காய் வெட்டு உண்டு. நகரத்தை ஒட்டி 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகிறது. கிணறும் மரமும் சாலையும் நமது ஜில்லாவுக்குச் சோறு போடுகின்றன. அவையே நமது வாலிபர்களின் முதுகெலும்பையும் ஒடிக்கின்றன.

விழுந்தவனுக்கு அடுத்து என்ன நேருகிறது என்பதை ஜனங்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விழுந்த அன்று ஊரே கூடுகிறது. திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ வண்டி பறக்கிறது. டாக்டர்கள் சாமர்த்தியமாக ஆபரேஷன் செய்து எலும்பை நேராக்கித் தகடு வைத்து முடுக்குகிறார்கள். தையல் பிரிக்கப்படுகிறது, சீட்டு எழுதப்படுகிறது, வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். அன்றோடு வைத்தியம் முடிந்ததென்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் எலும்பு கூடினாலும் அறுந்த தண்டுவடம் கூடுவதில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை; கால் அசைவதில்லை; சிறுநீரும் மலமும் அவன் வசத்தில் இல்லை. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். வலி தெரியாததால் புரண்டு படுக்க வேண்டுமென்ற நினைவே வருவதில்லை. வால் எலும்பின் மேலுள்ள தோல், எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நசுங்கி ரத்த ஓட்டமற்றுக் கறுக்கிறது, பிறகு புண்ணாகிறது, புண் எலும்பு வரை இறங்குகிறது. சிறுநீர்க் குழாய் அடைத்துக் குளிர்ஜுரம் காண்கிறது. சில மாதங்களுக்குப் பின் அவன் இறந்துபோனால், 'மரத்திலிருந்து விழுந்து செத்தான்' என்று ஊரார் சொல்லுகிறார்கள். அது தவறு. அவன் செத்தது படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக விஷத்தாலும். இரண்டுமே தடுக்கக்கூடியவை. தடுப்பதற்கு வேண்டியது ராஜாங்க கஜானாவைக் காலி செய்யும் யந்திரமன்று, அறிவுள்ள சிசுருஷை.

இதற்குத்தான் புனர்வாழ்வுத் தாதியம் என்று பெயர். நோயாளியைப் படுக்க வைத்துப் பணிவிடை செய்வதோடு திருப்தியடையாமல், எஞ்சியுள்ள சக்தியைக் கொண்டு அவனே தன் காரியங்களைச் செய்துகொள்ளும்படி பழக்குவது இதன் சாரம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, செய்வது கடினம். பக்கவாதம் கண்ட பெரியவர் சட்டை போட அரை மணி நேரம் திண்டாடுகிறார். அருகில் நிற்கும் மகளுக்கு மனம் பொறுக்கவில்லை, தானே மாட்டிவிடுகிறாள். அன்பினால் செய்த அந்தக் காரியம் அவரை மறுநாளும் பிறர் கையை எதிர்பார்க்க வைக்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸ் அப்படிச் செய்யமாட்டாள். 'விழுந்த கையை முதலில் நுழையுங்கள், ஐயா. கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பாள். உதவி செய்யக் கை துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நமது குடும்ப சம்பிரதாயத்துக்கு விரோதமாகத் தோன்றலாம். ஆனால் அதுவே உண்மையான உதவி. அதே பெரியவருக்கு வாயில் தண்ணீர் விடுவதிலும் விஷயம் உண்டு. பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குன்றியிருக்கும். படுத்த நிலையில் தண்ணீர் கொடுத்தால் அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்க முடிகிறதா என்று பரீக்ஷித்த பிறகே எதையும் கொடுக்க வேண்டும். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி சிலருக்குச் சுலபமாக இறங்கும்.

தண்டுவடம் அறுந்தவனுக்கு இந்தச் சாஸ்திரம் சொல்வது மணிக்கணக்கு. படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். நாற்காலியில் உட்காரத் தொடங்கியபின் அவனே கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடியில் தன் முதுகையும் பிட்டத்தையும் பார்த்துச் சிவப்புக் கண்டால் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு தர வேண்டும். சிறுநீரை நான்கைந்து மணிக்கு ஒருமுறை தானே சிறு குழாய் செலுத்தி வெளியேற்றலாம். இந்த முறையை 1972-ல் அமெரிக்காவில் டாக்டர் லாபிடெஸ் என்பவர் பிரசுரித்தபோது, கிருமியற்ற கையுறை முதலிய ஆடம்பரங்கள் இல்லாமலே, சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும் என்று காட்டினார். குடிசை வீட்டுக்கும் பொருந்துகிற வைத்தியம் என்பதால் இதை நாம் பெரிதாக மதிக்கிறோம். இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். மார்புக்கு மேலே தண்டுவடம் பழுதுபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டு ரத்த அழுத்தம் பாய்ந்து ஏறுவதுண்டு. அநேகமாக அதன் காரணம் மடங்கிக் கிடக்கும் சிறுநீர்க் குழாயே! உடனே நிமிர்த்தி உட்கார வைத்து அடைப்பை நீக்கினால் உயிர் பிழைக்கும். அறியாதவர்கள் தலைவலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இவையெல்லாம் வெறும் ஏட்டுப் படிப்பென்று யாரேனும் நினைத்தால் சரித்திரத்தைப் பார்க்கட்டும். முதல் உலக யுத்தத்தில் தண்டுவடத்தில் அடிபட்ட சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர் விஷத்தாலும் மாண்டனர். ஜெர்மனியில் நாஜிகளின் யூத துவேஷத்துக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்து வந்து சேர்ந்த டாக்டர் லுட்விக் குட்மன் 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் ஒரு பகுதியைத் திறந்தார். அவருடைய முதல் ஆயுதம் கத்தியன்று. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்ற கட்டளையே. நடுநிசியில் தாமே வந்து அது நடக்கிறதா என்று பார்ப்பாராம். 1948-ஆம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை வில் பந்தயத்தில் இறக்கினார். இன்று உலகமெங்கும் பேசப்படும் பாராலிம்பிக் பந்தயம் அந்த 16 பேரிடமிருந்து வளர்ந்தது.

வெகு தூரம் போவானேன்? நமது வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் தாதியர் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டத்தினால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்றார். ஆயினும் அவரே ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். நிமிர்ந்த கையுடன் திரும்பிப்போன ஒருவன், இந்தக் கை பிச்சையெடுக்க உதவவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை என்று முறையிட்டானாம். கையை மட்டும் குணப்படுத்தினால் போதாதென்று உணர்ந்து, தச்சு முதலிய தொழில் பழகும் 'நவஜீவ நிலையம்' ஒன்றை அவரும் அவருடைய சகாக்களும் ஏற்படுத்தினர். அந்தப் பிராண்டின் கீழ்த்தான் டாக்டர் மேரி வர்கீஸ் பயின்றார். 1954-ல் மோட்டார் விபத்தில் இந்த இளம் பெண்ணின் முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலற்றன. நின்று ஆபரேஷன் செய்ய முடியாதவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்படுத்தினார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தாமே பயிற்சி பெற்று, பின் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் ஸ்தாபனத்தில் இக்கலையைக் கற்றுத் திரும்பினார். வேலூரில் 1966-ல் அவர் முயற்சியால் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. 1986-ல் அவர் காலமானார். அவர் வளர்த்த ஸ்தாபனம் இன்றும் நடக்கிறது. பழைய நோயாளிகள் வருஷந்தோறும் அங்கே கூடி மேளா நடத்துகிறார்கள். அது வெறும் கொண்டாட்டமன்று. தோலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொண்டு போகும் சந்தர்ப்பமும் அதுவே.

வேலூர் முறையில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பலர் ஒன்றுகூடிச் செய்யும் வேலை. டாக்டர், நர்ஸ், உடற்பயிற்சி வைத்தியர், தொழிற்பயிற்சி தருபவர், செயற்கை உறுப்பு செய்பவர், பேச்சுப் பயிற்சியாளர், குடும்ப நிலைமையை விசாரிக்கும் சமூக ஊழியர் ஆகிய எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே லட்சியத்தைத் தீர்மானிக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி எதிலும் இத்தனை பேரும் சம்பளம் வாங்குவார்களே என்று கேட்கலாம். வாங்குவார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தம் தம் ஏட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டால் அது கூட்டு வேலையாகாது, ஒரே வழக்கில் ஒருவரையொருவர் கலக்காத ஐந்து வக்கீல்கள் ஆஜராவது போன்றது.

அய்யம்பாளையத்துத் தென்னை ஏறி ஒருவன் விழுந்தான் என்று வைத்துக்கொள்வோம். 'உனக்கு என்ன வேண்டும்?' என்று முதலில் அவனையே கேட்க வேண்டும். 'சாலையோரத்தில் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்க வேண்டும்' என்கிறான். உடனே எல்லோருடைய வேலையும் அந்தக் கடையை நோக்கித் திரும்புகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவக் கைகளுக்குப் பலம் வேண்டும்; அது உடற்பயிற்சி வைத்தியர் பொறுப்பு. கடையில் ஐந்து மணி நேரம் புண்படாமல் உட்காரவும், வியாபார வேளையில் ஆடை நனையாதிருக்கவும், மலஜலம் விடியற்காலையில் குறித்த நேரத்தில் கழியவும் பழக்குவது நர்ஸின் பொறுப்பு. வீட்டு வாசற்படியை அளந்து சரிவு போடச் சொல்வது சமூக ஊழியர் பொறுப்பு. மனைவியும் தாயும் இந்தச் சபையில் அங்கத்தினர்கள். அவன் தானே அதற்கு அக்கிராசனர். இந்தக் கூட்டத்தில் நர்ஸுக்கு விசேஷ ஸ்தானம் இருக்கிறது. மற்றவர்கள் ஒரு மணி நேரம் வந்து போகிறார்கள். எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரமும் நோயாளியுடன் இருப்பது அவள்தான். பகலில் கற்றதை அவன் இரவில் செய்கிறானா, அல்லது சுவரைப் பார்த்து அழுகிறானா என்பது அவளுக்கே தெரியும். அவளுடைய அபிப்பிராயத்தைக் கேளாமல் டாக்டர் மட்டும் 'டிஸ்சார்ஜ்' என்று எழுதுவது நியாயமன்று.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஒப்புக்கொண்டது. புனர்வாழ்வுச் சேவை கூடியவரை சீக்கிரம் தொடங்க வேண்டும், பல துறையினரும் சேர்ந்து மதிப்பிட்டதாக இருக்க வேண்டும் என்று அதன் 26-ஆம் ஷரத்து கூறுகிறது. நமது 2016-ஆம் வருஷச் சட்டத்தின் 27-ஆவது பிரிவும் சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் இச்சேவையை நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் 'தங்கள் பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. அந்த வாலின் நீளத்தை வக்கீல்கள் அறிவார்கள். சாலை விபத்தில் அடிபட்டவனுக்காவது எதிராளி உண்டு. 2020-ல் ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளருக்கு ஆயுள் முழுதும் ஆகும் செலவைக் கணக்கிட்டு சுப்ரீம் கோர்ட்டு நஷ்டஈடு தந்தது. மரத்திலிருந்து விழுந்தவன் யார்மேல் வழக்குத் தொடுப்பான்? தென்னை மரத்தின் மேலா? இன்ஷ்யூரன்ஸில் பெயர் பதிந்திருந்தால் ஏதோ ஒரு தொகை வரும். பணம் புரட்டிப் போடாது; புரட்டிப் போடக் கற்றவர் வேண்டும்.

நமது ஜில்லாவில் அதற்குரிய அஸ்திவாரம் இல்லாமலில்லை. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினர். கஸ்தூரிபா ஆஸ்பத்திரியும் கிராமப் பெண்களுக்குத் தாதிப் பயிற்சியும் அதிலிருந்து வளர்ந்தன. வீடு வீடாகச் சென்று வைத்தியம் சொல்ல நம் ஊர்ப் பெண்களால் முடியும் என்பதை அந்த ஸ்தாபனம் எப்போதோ நிரூபித்துவிட்டது. 2022 ஜனவரியில் திண்டுக்கல் சர்க்கார் மெடிக்கல் காலேஜ் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ஆரம்பமான 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் உடற்பயிற்சி வைத்தியமும் வீட்டு வாசலுக்கு வர வழி ஏற்பட்டது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்ற ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்திலிருந்தே இப்பணியை நடத்தலாம் என்று காட்டியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தேச ஊழியர்கள் மகஜர் எழுதுவதில் சளைத்தவர்களல்லர். இந்த விஷயத்தில் அவர்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை. இந்திய தாதியர் கவுன்ஸில் எலும்பு வைத்தியமும் புனர்வாழ்வும் சேர்ந்த விசேஷ டிப்ளமா ஒன்றை வகுத்திருக்கிறது. அதைப் படித்த நர்ஸுகளை நமது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் நியமித்து, அடிக்கடி வேறு வார்டுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். தண்டுவடம் முறிந்தவனை வீட்டுக்கு அனுப்புமுன் அவன் வீட்டார் ஒருவருக்கு ஒரு வாரமாவது புரட்டவும் குழாய் செலுத்தவும் கற்பிக்க வேண்டும். பொதுக் கட்டடங்களுக்குச் சரிவு போட 2016-ஆம் வருஷச் சட்டமும் 2017-ஆம் வருஷ விதிகளும் கொடுத்த ஐந்து வருஷக் கெடு 2022-லேயே கடந்துவிட்டது என்பதை முனிசிபல் அங்கத்தினர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் எல்லாத் துறையினரும் நோயாளியோடு உட்காரும் கூட்டம் ஒன்று நடக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. ஒரு மேஜை போதும். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நாற்காலி போடாமல், சக்கர வண்டி நுழைய இடம் விட்டிருக்க வேண்டும்.