புதுமுக விளையாட்டாளரை எடைபோடுவது எப்படி?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. இது விளையாட்டுலகிற்கும் பொருந்துமா? கூடைப்பந்தில் முதல் பருவத்தை ஆடி முடித்த ஒருவரின் புள்ளிவிவரங்களைக் கொண்டு அவரது எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா? அமெரிக்காவின் என்பிஏ போட்டிகளில் ஆடிய மூவரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இம்மூவரும் மைய ஆட்டக்காரர்கள். அணியில் பெரும்பாலும் மிக உயரமானவரே இப்பொறுப்பை ஏற்பார். பந்தைக் கூடைக்குள் போட்டுப் புள்ளிகள் எடுப்பது மட்டும் அவரது வேலையன்று. குறி தவறித் திரும்பும் பந்தை அவர் கைப்பற்ற வேண்டும். இதனை ரீபவுண்ட் என்பர். எதிரணியினர் கூடையை நோக்கி எறியும் பந்தைத் தட்டிவிடவும் வேண்டும். இதனைத் தடுப்பு என்பர். எனவே, இம்மூன்றையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த விக்டர் வெம்பன்யாமா, தம் 19ஆம் வயதில் சான் அண்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் சேர்ந்தார். 2023-2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் 71 ஆட்டங்களில் ஆடினார். ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 21.4 புள்ளிகள், 10.6 ரீபவுண்டுகள், 3.6 தடுப்புகள் என அவரது கணக்கு அமைந்தது. அவ்வாண்டின் சிறந்த புதுமுக விளையாட்டாளராக அவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும், அவரது அணி 82 ஆட்டங்களில் 60இல் தோற்றது. ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், வெற்றி தோல்வியை மட்டும் வைத்து ஒருவரின் திறனை அளக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

அவரிடம் குறைகளும் இருந்தன. ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 3.7 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் 32.5 விழுக்காடு மட்டுமே கூடைக்குள் விழுந்தன. ஆனால், ஃப்ரீ த்ரோ எறிதலில் அவர் 79.6 விழுக்காடு வெற்றி பெற்றார். ஃப்ரீ த்ரோ எறியும்போது யாரும் குறுக்கே வந்து தடுக்கமாட்டார்கள். ஆகவே, ஒருவரின் கை எவ்வளவு துல்லியமானது என்பதை அது காட்டிவிடும். இத்தகைய ஒருவர், பயிற்சியின்வழி தொலைதூர எறிதலிலும் முன்னேறுவார் என எதிர்பார்க்கலாம். அடுத்த பருவத்தில் வெம்பன்யாமாவின் மூன்று புள்ளி எறிதல் 35.2 விழுக்காட்டிற்கு உயர்ந்தது.

இனி, செர்பியாவைச் சேர்ந்த நிக்கோலா யோகிச்சைப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் அவரது பெயர் 41ஆவதாகத்தான் அழைக்கப்பட்டது. டென்வர் நக்கெட்ஸ் அணியில் அவர் ஆடிய முதல் பருவத்தின் சராசரி, 10 புள்ளிகளும் 7 ரீபவுண்டுகளும் மட்டுமே. இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், 48 நிமிட ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்தது ஏறக்குறைய 22 நிமிடங்கள்தாம். அதையே 36 நிமிடங்களுக்குக் கணக்கிட்டால், 16க்கு மேற்பட்ட புள்ளிகளும் 11க்கு மேற்பட்ட ரீபவுண்டுகளும் கிடைக்கும். பின்னாளில் அவர் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் என்பிஏவின் மிகச் சிறந்த விளையாட்டாளர் விருதை வென்றார்.

அப்படியானால், நிமிடக் கணக்கை நம்பி எதிர்காலத்தைச் சொல்லிவிடலாமா? கிரெக் ஓடனின் வாழ்க்கை அவ்வாறு சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டில் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி அவரை முதல் விளையாட்டாளராகத் தேர்ந்தெடுத்தது. முழங்கால் அறுவை சிகிச்சையால் அவர் ஓராண்டு ஆடவில்லை. அதன்பின் ஆடிய முதல் பருவத்தில், ஏறக்குறைய 22 நிமிடங்களில் 8.9 புள்ளிகளும் 7 ரீபவுண்டுகளும் எடுத்தார். யோகிச்சின் எண்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால், தொடர்ந்து வந்த காயங்களால் ஓடன் என்பிஏவின் வழக்கமான பருவங்களில் மொத்தம் 105 ஆட்டங்களே ஆடினார். வெம்பன்யாமாவும் தம் இரண்டாம் பருவத்தில் தோளில் ஏற்பட்ட இரத்தக் கட்டியால் 46 ஆட்டங்களுடன் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே, ஒரு புதுமுக விளையாட்டாளரின் எண்களைக் காணும்போது சில வினாக்களை எழுப்ப வேண்டும். அவர் எத்தனை நிமிடங்கள் ஆடினார்? எத்தகைய அணியில் ஆடினார்? அவரது குறைகள் பயிற்சியால் திருந்தக்கூடியவையா? அவரது உடல்நலம் எவ்வாறு உள்ளது? இவற்றுக்கு விடை தேடாமல், சராசரியை மட்டும் பார்த்து ஒருவரைப் புகழ்வதும் ஒதுக்குவதும் முறையாகாது. முளையைப் பார்த்துப் பயிரின் தன்மையை ஓரளவு அறியலாம். விளைச்சலை அறியப் பொறுமையுடன் காத்திருக்கத்தான் வேண்டும்.