பழைய விளையாட்டுத் துப்பாக்கியும் ஒரு தாயின் காப்பும்

'துவக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் எமது பிரதேசப் பெண்களுக்கு என்ன நினைவு வரும்? சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, இரவில் தட்டப்பட்ட கதவு, திரும்பி வராத கணவன் அல்லது மகன். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்த நினைவு இல்லாத வீடுகள் குறைவு. எனவே, துப்பாக்கி சுடுதல் உலகெங்கும் பெண்கள் பங்குபற்றும் ஒரு விளையாட்டு என்று சொன்னால் எம்மில் பலருக்கு அது ஏற்க முடியாத கதையாகவே இருக்கும். அவ்வாறு தோன்றுவதில் தவறில்லை.

ஆனாலும் இதுபற்றி எழுதும் தேவை ஏற்பட்டது. எமது மகளிர் குழுக் கூட்டமொன்று முடிந்த பின்னர் ஒரு சகோதரி தனியே வந்து பேசினார். 2006ஆம் ஆண்டு வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த காலத்தில் கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கொழும்பில் வேலை பார்க்கும் அவரது மகள் துப்பாக்கி சுடும் கழகமொன்றில் பயிற்சி பெறுகிறாள். அங்கே ஒருவர் தனது பழைய பிஸ்டலை விற்கப் போகிறாராம்.

"காப்பை ஈடு வைச்சுக் காசு அனுப்பட்டாம் மிஸ். இவட அப்பாவைக் கொண்டு போனதும் துவக்குத்தானே. நான் என்ன சொல்ற?" என்று கேட்டார்.

வாங்கு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. தீர்மானம் அவர்கள் இருவருடையது. ஆனால் தீர்மானிக்க முன்னர் தெரிந்திருக்க வேண்டியவற்றை விசாரித்துச் சொன்னேன். அவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கின்றேன்.

இது என்ன விளையாட்டு?

அந்த மகள் பழகுவது ஒலிம்பிக்கில் பெண்களுக்கென உள்ள 25 மீற்றர் பிஸ்டல் போட்டிக்காகும். ஒரு கையால் மட்டுமே பிடித்து 60 ரவைகள் சுடவேண்டும். முதல் 30 ரவைகள் நிதானமாக, அடுத்த 30 ரவைகள் விரைவாக. இதற்குப் பயன்படுவது 5.6 மில்லிமீற்றர் ரவை. இதனை 'ரிம்பயர்' என்பர். ரவைக் கூட்டின் அடி விளிம்பில் வெடிமருந்து வைக்கப்பட்டிருக்கும். சுடும் ஊசி அந்த விளிம்பில் அடிக்கும்போது அது வெடிக்கும். சிறிய ரவை என்பதால் ஆபத்தில்லை என எண்ணக்கூடாது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் பறக்கக்கூடியது, உயிரையும் எடுக்கும்.

இப்போட்டி 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. முதல் தங்கத்தை வென்றவர் கனடாவைச் சேர்ந்த லிண்டா தொம். சமையற்கலை பயின்றவர், பிள்ளைகளின் தாய். விளையாட்டை விட்டு விலகியிருந்து மீண்டும் வந்து, 40 வயதில் வென்றார்.

கருவியைக் கவனமாகத் தெரிய வேண்டியதன் காரணத்தை இந்தியாவின் மனு பாக்கரின் அனுபவம் காட்டுகின்றது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் போட்டியின் நடுவே அவரது துப்பாக்கி பழுதடைந்தது. திருத்துவதில் நேரம் போய், இறுதிப் போட்டிக்கு அவரால் செல்ல முடியவில்லை. 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். 25 மீற்றர் போட்டியில் நான்காம் இடம் பெற்றார்.

முதலில் பத்திரம், பிறகுதான் பிஸ்டல்

எமது நாட்டில் துப்பாக்கிகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றமாகும். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தாருங்கள்" என்று யாராவது தந்தால் அதனை வாங்கிச் செல்வதும் சிறைக்கு வழிவகுக்கலாம். யுத்தத்தால் நொந்த எமது குடும்பங்களுக்கு இன்னுமொரு வழக்கு வேண்டாம்.

எனவே மூன்று விடயங்களைக் கேட்கவேண்டும். விற்பவரின் பெயரில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உள்ளதா? அதிலுள்ள இலக்கமும் பிஸ்டலில் பொறிக்கப்பட்ட இலக்கமும் ஒன்றா? வாங்குபவரின் பெயருக்கு அனுமதி கிடைக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை முற்பணம்கூடக் கொடுக்கக்கூடாது.

கையும் கருவியும்

பத்திரம் சரியென்றால், பயிற்றுநர் முன்னிலையில், சுடுதிடலில், ரவை இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பிஸ்டலைப் பார்க்கவேண்டும்.

முதலில் பிடி. பழைய பிஸ்டல்களின் மரப்பிடி பெரும்பாலும் முந்திய உரிமையாளரின் கைக்கேற்பச் செதுக்கப்பட்டிருக்கும். பெரிய ஆண் கைக்குச் செய்த பிடி சிறிய கையில் நிற்காது. மணிக்கட்டை வளைக்காமல், சுட்டுவிரலின் முதற் கணு விசையில் நேராகப் படவேண்டும். பிடியை மாற்ற முடியுமா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்றும் கேட்கவேண்டும்.

அடுத்தது விசை. போட்டி விதிப்படி விசை குறைந்தது 1 கிலோ எடையைத் தாங்கவேண்டும். 1 கிலோ எடையை விசையில் தொங்கவிட்டுத் தூக்கும்போது விசை விடுபட்டால் போட்டிக்கு உதவாது; ஆபத்தும்கூட. பிஸ்டலின் மொத்த நிறை 1400 கிராமுக்கு மேற்படக்கூடாது.

ரிம்பயர் பிஸ்டலுக்கே உரிய ஒரு பழுதும் உண்டு. ரவை இல்லாமல் விசையை அடிக்கடி இழுத்தால், பல பிஸ்டல்களில் சுடும் ஊசி குழலின் பின்விளிம்பில் மோதிக் குழி விழுத்தும். அக்குழி இருந்தால் ரவைக் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும். மகசினின் வாய் வளைந்திருந்தாலும் ரவை ஒழுங்காக ஏறாது. குழலின் முனையில் காயம் உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

கடைசியாக, அதே கழகத்தில் கிடைக்கும் ரவைகளில் 50 அளவில் சுட்டுப் பார்க்கவேண்டும். இடையிடையே சிக்குகிறதா? குறித்தாளில் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவா? உதிரிப்பாகம் கிடைக்காத பிஸ்டல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நட்டமே. ரவைச் செலவும் திடல் கட்டணமும் மாதாமாதம் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

வீட்டில் வைக்கலாமா?

சமூகப் பணியாளர் என்ற வகையில் இதனை அழுத்திச் சொல்கின்றேன். வேண்டாம். மனவேதனையும் குடும்பச் சண்டையும் எந்த வீட்டிலும் வரும். அந்த ஒரு நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அது உயிரில் முடிந்துவிடலாம். கழகத்தின் பாதுகாப்பு அறையில் பூட்டி வைப்பதே நன்று. ரவைகள் வேறாக இருக்கவேண்டும். சுட்டு முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உண்ணவேண்டும். ரவையிலுள்ள ஈயம் உடலுக்கு நஞ்சு. கர்ப்பிணித் தாய்மார் வைத்தியரைக் கேளாமல் சுடுதிடலுக்குச் செல்லக்கூடாது.

தாயும் மகளும் எடுத்த முடிவு

அச்சகோதரி இக்கேள்விகளைக் கொப்பியொன்றில் எழுதிச் சென்று, தொலைபேசியில் மகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பத்திரம் விற்பவரின் பெயரில் இல்லை என்பது இரண்டாம் நாளே தெரியவந்தது. காப்பு ஈடு போகவில்லை. மகள் கழகத்தின் பிஸ்டலிலேயே தொடர்ந்து பழகுகிறாள்.

இதற்குள் தாய் இன்னொன்றையும் கேட்டிருந்தார். "ஏன் புள்ள, உனக்குப் பயமில்லையா?" அதற்கு மகள், "சுடக்க என்ட மூச்சு மட்டுந்தான் எனக்குக் கேக்கும் அம்மா" என்றாளாம். தாய்க்கு அது முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் மகளைத் தடுக்கவில்லை. "நான் மட்டும் வந்து பாக்கமாட்டன்" என்று சொல்லியிருக்கிறார். மகளும் அதனை ஏற்றுக்கொண்டாள்.

சகோதரிகளே, எமது பயத்துக்குக் காரணம் உண்டு. அதற்காக நாம் வெட்கப்படத் தேவையில்லை. அதே பயம் எம்மைக் கேள்வி கேட்காதவர்களாக ஆக்கிவிடவும் கூடாது. பிள்ளைகள் எமக்குப் பழக்கமில்லாத வழியொன்றைத் தெரிவுசெய்யும்போது, "ஓம்" என்று சொல்லவும் "வேண்டாம்" என்று சொல்லவும் எமக்கு உரிமை உண்டு. எதைச் சொல்வதானாலும் விசாரித்து, அறிந்து சொல்வோம். காப்பைக் கழற்றுவதற்கு முன்னர் பத்திரத்தைக் கேட்போம்.