டிரைவருக்கு அதிகம், கண்டக்டருக்குக் குறைவு! மாரடைப்பில் ஒரு விசித்திரம்

ஒரே பஸ். அதில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் டிரைவர், மற்றவர் கண்டக்டர். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். இருவருடைய குடும்ப நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டிரைவருக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. கண்டக்டருக்குக் குறைவாக வந்தது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஜெர்மி மாரிஸ் என்ற இங்கிலாந்து டாக்டர். இது நடந்த இடம் லண்டன் நகரம்.

இரண்டாவது உலகப் போர் முடிந்த சமயம் அது. அந்த நாட்டில் நடுத்தர வயது ஆண்கள் பலர் மாரடைப்பால் திடீர் திடீரென்று இறந்துகொண்டிருந்தார்கள். நேற்றுவரை வேலைக்குப் போனவர் இன்று இல்லை. காரணம் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. எந்தத் தொழில் செய்பவர்களை இந்த நோய் அதிகமாகப் பிடிக்கிறது என்று பார்த்தால் ஏதாவது துப்புக் கிடைக்கும் என்று மாரிஸ் நினைத்தார். 1949-ம் ஆண்டில் கணக்கெடுப்புத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31 ஆயிரம் போக்குவரத்துத் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் அடங்கினார்கள்.

தினமும் 600 படிகள்!

அந்த நாளில் லண்டனில் ஓடியவை பெரும்பாலும் மாடி பஸ்கள். டிரைவர் காலையில் இருக்கையில் உட்கார்ந்தால், வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தபடியே கழியும். கண்டக்டர் நிலை வேறு. டிக்கெட் கொடுக்க அவர் மாடிக்கு ஏறவேண்டும், இறங்கவேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 600 படிகள் ஏறினார் என்று கணக்கிட்டார்கள்.

முடிவு 1953-ம் ஆண்டில் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டிரைவர்களில் 27 பேருக்கு இதய நோய் கண்டது. பத்தாயிரம் கண்டக்டர்களில் 19 பேருக்குத்தான் கண்டது. நோய் வந்தாலும் கண்டக்டர்களுக்கு வயது சென்ற பிறகே வந்தது. உடனே உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

தபால் இலாகாவிலும் இதே கதைதான். தபால்களைச் சுமந்து நடந்தவர்களைவிட, நாற்காலியில் உட்கார்ந்த குமாஸ்தாக்களுக்கு இந்த நோய் அதிகமாக இருந்தது.

"டிரைவர்கள் முதலிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். மாரிசும் இதை யோசித்தார். இருவருக்கும் கம்பெனி கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பு அளவை எடுத்துப் பார்த்தார்! டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் மெலிந்தவர்களை மெலிந்தவர்களோடும், பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டபோதும், கண்டக்டர்களுக்கே நோய் குறைவாக இருந்தது.

பெரிய அதிகாரியா, பியூனா?

சரி, உடல் அசைவு ஒன்று. மனக்கவலை?

பெரிய பொறுப்பில் உள்ளவருக்குத்தான் கவலை அதிகம், அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று பலரும் நினைக்கிறோம். லண்டனில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை 1967-ம் ஆண்டு முதல் பரிசோதித்தார்கள். 40 முதல் 64 வயதுவரை உள்ள ஆண்கள் அவர்கள். முடிவு தலைகீழாக இருந்தது! உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட, அடிமட்டத்தில் இருந்த பியூன்கள், வாயில் காப்போர் போன்றவர்கள் இதய நோயால் இறந்தது மூன்று மடங்குக்கும் மேல். கீழே இருந்தவர்களிடம் புகை பிடிக்கும் பழக்கம் அதிகம். ஆனால் அது ஒன்றே இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம் ஆகவில்லை.

1985-ம் ஆண்டில் பெண்களையும் சேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மறுபடியும் ஆராய்ச்சி தொடங்கியது. அதில் ஓர் உண்மை தெரிந்தது. தம் வேலையில் தமக்கு எந்த உரிமையும் இல்லாமல், எப்போதும் பிறர் சொன்னபடியே நடக்க வேண்டியவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. வேலைப் பளு மட்டும் அல்ல, அந்த வேலையில் நம் சொல் எடுபடுகிறதா என்பதும் முக்கியம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பயமோ கோபமோ வந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. புலி துரத்தினால் இது நல்லது. ஆனால் கடன்காரனை நினைத்து, உட்கார்ந்த இடத்திலேயே தினமும் குமுறினால்? ஏறிய அழுத்தம் சரியாக இறங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் ரத்தக் குழாயின் உட்சுவர் கெடுகிறது. அங்கே கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் குழாய் அடைத்துக்கொள்கிறது.

நடப்பவருக்கு நடப்பது வேறு. தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. ரத்தக் குழாய்கள் நெகிழ்ச்சியாக இருக்கின்றன. இதயமும் பலம் பெறுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள். காசு செலவில்லை. பீடி, சிகரெட், புகையிலையை விட்டுவிட வேண்டும். உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தூக்கத்தைக் குறைக்கக்கூடாது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்கவேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால், வாயுப் பிடிப்பு என்று கஷாயம் குடித்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. காலை முதல் இரவுவரை எல்லாருக்கும் வேலை செய்துவிட்டு, எந்த முடிவிலும் வாய் திறக்க முடியாத ஒருவர் நம் வீட்டில் இருக்கிறாரா? அவர் மனைவியாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் மருந்துதான்.

கண்டக்டர்களின் படிகளை எண்ணிய டாக்டர் மாரிஸ், தாம் சொன்னதைத் தாமே கடைப்பிடித்தார். முதுமையிலும் நடந்தார், நீந்தினார். 1910-ல் பிறந்த அவர் 2009-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 99!