ஈரக்குலையும் கிரேக்கச் சொல்லும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழையினால் சாத்தனூர் அணை நிரம்பி, ஓர் இரவில் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே ஆற்றையொட்டி அமைந்த ஊர்களுள் மூங்கில்துறைப்பட்டும் ஒன்று. அந்நாள்களில் ஆற்றைப் பார்த்துத் திரும்பியவர்களின் பேச்சு இன்னும் நம் காதில் நிற்கிறது. "ஈரக்குலையே நடுங்கிப் போச்சு" என்றார் ஒருவர். "வயித்தைக் கலக்குது சாமி" என்றார் ஒரு மூதாட்டி. "மனசு கலங்கிக் கிடக்குது" என்றார் இன்னொருவர். 'அச்சமுற்றோம்' என்று ஒருவரும் சொல்லவில்லை. அச்சொல் ஏட்டில் இருப்பது. ஈரக்குலையோ உடலில் இருப்பது.

வாசக அன்பர்களே, இப்பேச்சை ஏன் நினைவூட்டுகிறோம் என்றால், நற்செய்தி நூல்கள் முதன்முதல் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் மனித உணர்ச்சிகளுக்குரிய சொற்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. தமிழுக்குக் கிரேக்கம் கடன் கொடுத்ததாகவோ, கிரேக்கத்திற்குத் தமிழ் கொடுத்ததாகவோ யாரும் கருத வேண்டுவதில்லை. (அத்தகைய ஆராய்ச்சிகளைச் செய்பவர்கள் நம்மிடையே ஏராளமாக உண்டு; அவர்களுக்கே அதை விட்டுவிடுவோம்.) உடல் ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றாக அமைந்தது, அவ்வளவே.

உணர்ச்சி உடலில் தோன்றுவது என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்தனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்கள். வெகுளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உறுப்பறுத்தல், குடிமக்களைச் சூறையாடுதல், அடித்துத் துன்புறுத்தல், கொலை ஆகிய நான்கினால் வெகுளி பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. நான்கும் கண்ணால் காணத்தக்க கொடுமைகள்.

கிரேக்க அறிஞரான அரிஸ்தோத்தலோ கி.மு. நான்காம் நூற்றாண்டில் தாம் எழுதிய சொற்கலை நூலின் இரண்டாம் பகுதியில் சினத்திற்கு வேறொரு வேர் காட்டுகிறார். 'ஓர்கே' என்னும் சினம், பிறர் நம்மை அற்பமாக எண்ணிவிட்டார் என்ற மனவலியோடு கூடிய பழிவாங்கும் விருப்பம். அதிலும் அந்நியர் இகழ்வதைவிட நண்பர் இகழ்வதே மிகுதியாகச் சினமூட்டும் என்பது அவர் முடிவு. நம் குடும்பங்களைப் பொறுத்தவரை அரிஸ்தோத்தலே வென்றார் என்று சொல்லத் தோன்றுகிறது. கலியாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விடுபட்டதற்காகப் பத்தாண்டுகள் பேசாதிருக்கும் வீடுகளில் எவர் உறுப்பும் அறுக்கப்படவில்லையே!

ஓர்கே மட்டுமன்று, சினத்திற்குக் கிரேக்கரிடம் வேறு சொற்களும் இருந்தன. ஓமரின் இலியட் காப்பியத்தின் முதற்சொல்லே 'மேனிஸ்' என்னும் தீராச் சினம். 'தூமோஸ்' என்பது மற்றொன்று. நெஞ்சில் குமைந்தெழும் வீறு, துணிவு, வெகுளி ஆகிய யாவும் அதில் அடங்கும். வடமொழியில் புகையைக் குறிக்கும் 'தூமம்' என்ற சொல்லும், இலத்தீனில் புகையைக் குறிக்கும் சொல்லும் இதனோடு ஒரே வேரில் பிறந்தவை என்பர் மொழிநூலார். சினந்தவனைப் பார்த்து "புகைந்துகொண்டிருக்கிறான்" என்று நாம் சொல்வதும் அதே காட்சிதான்.

இனி, மூங்கில்துறைப்பட்டு மூதாட்டியின் 'கலக்கு'தலுக்கு வருவோம். கிரேக்கத்தில் 'தராஸ்ஸோ' என்னும் வினை முதலாவதாக நீரைக் கலக்குதலையும், அதிலிருந்து மனத்தைக் கலக்குதலையும் குறிக்கும். தமிழில் கலங்கல் நீருக்கும் கலங்கிய நெஞ்சுக்கும் ஒரே சொல் வழங்குவது போலத்தான். அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் குளத்தின் நீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்று நோயாளி முறையிடுகிறானே, அங்கு வருவது இச்சொல். கபிரியேல் தூதரின் வாழ்த்தைக் கேட்டுக் கன்னிமரியாள் கலங்கினாள் என்று லூக்காஸ் எழுதுமிடத்திலும் இதன் கிளைச்சொல்லே உள்ளது.

இந்தக் கலக்கம் இல்லாதிருப்பதையே வாழ்வின் குறிக்கோளாகக் கொண்ட தத்துவஞானிகள் கிரேக்க நாட்டில் இருந்தனர். எப்பிக்கூர் (கி.மு. 341-270) என்பவர் அந்நிலைக்கு 'அதராக்ஸியா' என்று பெயரிட்டுப் போற்றினார், தராஸ்ஸோவின் முன் ஓர் எதிர்மறை எழுத்தைச் சேர்த்த சொல் அது. அவர் காலத்தவரான சேனோ தொடங்கிய ஸ்தோயிக்கர் பள்ளியோ 'அபாதெயா' என்னும் உணர்ச்சி வயப்படாத நிலையை ஞானியின் இலக்கணமாக்கியது. சின்னப்பர் அத்தேனே நகரில் இவ்விரு கூட்டத்தாரையும் சந்தித்து உரையாடினார் என்று திருத்தூதர் பணி நூல் கூறுகிறது.

இப்பின்னணியில் அருளப்பர் நற்செய்தியைக் கிரேக்கத்தில் வாசித்த அக்காலத்து மனிதன் எவ்வளவு திடுக்கிட்டிருப்பான்! எந்தக் கலக்கம் ஞானிக்கு ஆகாது என்று பள்ளிகள் போதித்தனவோ, அதே தராஸ்ஸோவை இயேசுவைப் பற்றி மூன்று முறை எழுதுகிறார் அருளப்பர். இலாசரின் கல்லறைக்குச் செல்லும்போது, தம் வேளை வந்துவிட்டதென உணர்ந்தபோது, யூதாஸ் காட்டிக்கொடுக்கப் போவதை அறிவித்தபோது. அடுத்த அதிகாரத்தில் சீடரைப் பார்த்து உங்கள் உள்ளம் கலங்க வேண்டாம் என்று ஆண்டவர் ஆறுதல் சொல்லும்போதும் அதே சொல்தான். கலங்காத ஒருவர் சொன்ன ஆறுதல் அன்று அது.

இலாசர் நிகழ்ச்சியில் இன்னும் கடுமையான சொல் ஒன்று உண்டு. 'எம்ப்ரிமாஓமாய்' என்பது அது. கிரேக்க நாடகாசிரியர் ஏஸ்கிலஸ், கடிவாளம் பூண்ட போர்க்குதிரைகள் மூக்கைச் சீறுவதற்கு இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். அதே மாற்கு நற்செய்தியில், விலையுயர்ந்த தைலத்தை வீணாக்கினாள் என்று பெண்ணொருத்தியின்மீது சிலர் சீறி விழும் இடத்திலும் இது வருகிறது. நண்பனின் கல்லறை முன் ஆண்டவர் இப்படிச் சீறியது எதன்மேல்? சாவின்மேல் என்பர் சிலர். சூழ்ந்திருந்தோரின் நம்பிக்கையின்மைமேல் என்பர் வேறு சிலர். நமக்கு முன்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'குமுறல்' என்ற சொல்லை இங்கே பெய்திருப்பதைப் பாராட்டத்தான் வேண்டும். துயரம் என்றோ வருத்தம் என்றோ எழுதியிருந்தால் அந்தச் சீற்றம் அவிந்து போயிருக்கும்.

இதனை நாம் வெறும் சொல்லாராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. துக்க வீடுகளில் நாம் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. மகனைப் பறிகொடுத்த தாய் மார்பிலடித்து அழுதால், "விசுவாசமுள்ளவள் இப்படி அழலாமா? ஆண்டவர் சித்தம்" என்று அடக்குவார்கள். கண்ணீரே வராமல் தந்தை கல்லாக நின்றால், "என்ன திடமான விசுவாசம்!" என்று மெச்சுவார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வறிவுரையின் பிறப்பிடம் பெத்தானியா அன்று, அத்தேனே நகரத்துத் தாழ்வாரம். புனித அகுஸ்தீனார் தமது 'கடவுளின் நகரம்' நூலின் பதினான்காம் பகுதியில் ஸ்தோயிக்கரின் கொள்கையை மறுக்கும்போது இலாசருக்காக ஆண்டவர் சிந்திய கண்ணீரையே சான்றாகக் காட்டுகிறார். மெய்யான மனித உடலும் மனமும் கொண்டவரிடம் மெய்யான உணர்ச்சி இருந்தது என்பது அவர் வாதம். உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்பதே 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுவது.

இப்போது ஈரக்குலை. நுரையீரல், இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய உள்ளுறுப்புகளைக் கிரேக்கர் 'ஸ்ப்ளாங்க்னா' என்றனர். பலியிட்ட விலங்கின் இவ்வுறுப்புகளைப் பலியிட்டோர் முதலில் உண்பது அவர்கள் வழக்கம். நற்செய்தியாளர் மூவர் இப்பெயரிலிருந்து பிறந்த வினையை, 'ஈரக்குலை அசைந்தார்' என்னும்படியாக, 12 இடங்களில் எழுதியிருக்கின்றனர். அவை அனைத்தும் இயேசுவைப் பற்றியோ, அவர் சொன்ன உவமைகளில் வருவோரைப் பற்றியோ அமைந்தவை. ஆயனில்லா ஆடுகள்போல் அலைந்த மக்களைக் கண்டபோதும், நயீன் ஊர் விதவையின் ஒரே மகனைப் பாடையில் கண்டபோதும் இயேசுவுக்கு நேர்ந்தது இது. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட நல்ல சமாரியனுக்கும், தொலைவில் வந்த ஊதாரி மகனைக் கண்ட தந்தைக்கும் நேர்ந்ததும் இதுவே.

தமிழில் இதனைப் 'பரிவு கொண்டார்' என்றும், பழைய பதிப்புகளில் 'மனதுருகி' என்றும் படிக்கிறோம். அழகிய சொற்கள்தாம். ஆயினும் பரிவு என்பது சற்று எட்ட நின்று காட்டக்கூடியது. அதிகாரி மனுதாரரிடம்கூடப் பரிவு காட்டலாம். "பெத்த வயிறு பதறுது" என்று நம் தாய்மார் சொல்வதில் உள்ள வேகம் அதில் இல்லை. எபிரேய மொழியிலோ இரக்கத்தைக் குறிக்கும் சொல்லும் கருப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரினின்று வந்தவை. பலிபீடத்தில் வாசிக்கப்படும் தமிழ் 'ஈரக்குலை' என்று எழுத வேண்டும் என நாம் வாதிடவில்லை, காது கூசும். ஆனால் மறையுரையிலாவது, மறைக்கல்வி வகுப்பிலாவது, அச்சொல்லைச் சொல்லிக் காட்டினால் ஊதாரி மகனின் தந்தை ஏன் வயதையும் மதிப்பையும் மறந்து ஓடினார் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

மாற்கு முதல் அதிகாரத்தில் தொழுநோயாளியைக் குணமாக்கிய இடத்தில் பெரும்பாலான சுவடிகள் இச்சொல்லையே தர, ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பேசா' சுவடி மட்டும், அவர் சினங்கொண்டார் என்று ஓர்கேயின் வினையைத் தருகிறது. அச்சுவடி இன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படி எடுத்தவர் பிழையா, பழைய பாடமா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

சின்னப்பர் 25 வசனங்களே கொண்ட பிலமோன் மடலில் ஸ்ப்ளாங்க்னாவை மூன்று முறை எழுதினார். தப்பியோடிய அடிமை ஒநேசிமுவைத் தலைவனிடம் திருப்பி அனுப்பும்போது, இவன் என் ஈரக்குலை என்றே எழுதிக்கொடுக்கிறார். அடிமையை உடைமையாக எண்ணிய உலகில் அதைவிட அழுத்தமான பரிந்துரை வேறென்ன இருக்க முடியும்?

கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள மூங்கில்துறைப்பட்டுக்குக் கொதிப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் சாறு பொங்கி அழுக்கு மேலே வந்தால்தான் பாகு தெளியும். கிரேக்கத்தில் கொதித்தலுக்கு 'ஜெயோ' என்று பெயர். அப்பொல்லோ என்னும் போதகர் ஆவியில் 'கொதித்து'ப் பேசினார் என்கிறது திருத்தூதர் பணி. உரோமையருக்கும் அதே கொதிப்பைச் சின்னப்பர் கட்டளையிடுகிறார். திருவெளிப்பாட்டில் லவோதிக்கேயா சபை சூடாகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை என்று கண்டிக்கப்படும்போது வருகிற சூடு இக்கொதிப்பின் பெயரடையே. 'எக்ஸ்தாசிஸ்' என்பது தனக்கு வெளியே நிற்றல். நம் 'மெய்ம்மறத்தல்' அதற்கு நேர். வெறுமையான கல்லறையைக் கண்டு ஓடிய பெண்களைப் பிடித்தது அதுவே.

பூங்காவனத்தில் ஆண்டவர் பட்டதை லூக்காஸ் 'அகோனியா' என்கிறார். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வேறெங்கும் இல்லை. சில தொன்மையான சுவடிகளில் அவ்வசனமே இல்லை. நம் முதியோர் இதனை 'மரண அவஸ்தை' என்பர். நோயில்பூசுதலை அவர்கள் 'அவஸ்தைப் பூசுதல்' என்று வழங்கியதும் இவ்வழியில்தான். ஆனால் கிரேக்கனின் காதில் இது சாகக் கிடப்பவனின் சொல் அன்று. 'அகோன்' என்பது விளையாட்டுக் களத்துப் போட்டி. போட்டிக்கு முன் வீரனின் உடலெல்லாம் முறுக்கேறி வியர்க்கும் நிலை அகோனியா. ஆண்டவர் அங்கே சாய்ந்து கிடக்கவில்லை, மல்லுக்கு நின்றார்.

இறுதியாக 'பரொக்ஸிஸ்மோஸ்'. கிரேக்க மருத்துவர்கள் காய்ச்சல் உச்சத்திற்கு ஏறுவதை இச்சொல்லால் குறித்தனர். கூர்மை என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. இளைஞர் மாற்குவை உடன் அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று சின்னப்பருக்கும் பர்னபாவுக்கும் மூண்ட சண்டைக்கு லூக்காஸ் இட்ட பெயர் இது. மழுப்பவில்லை, 'கருத்து வேறுபாடு' என்று மெருகு பூசவுமில்லை. இரு திருத்தூதரும் பிரிந்து, ஒருவர் சைப்பிரசுக்கும் மற்றவர் சிரியாவுக்கும் சென்றனர். எபிரேயர் மடலிலோ, அன்பிற்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் தூண்டிவிட வேண்டும் என்று சொல்லுமிடத்தில் இதே சொல் நல்ல பொருளில் திரும்பி வருகிறது. மாற்குவும் திரும்பி வந்தார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலில் சின்னப்பர், துரோவாவில் விட்டுவந்த தம் மேலாடையையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். அதற்கு இரண்டு வசனம் முன்னதாக, மாற்கு தமக்கு உதவியாய் இருப்பார், அவரையும் கூட்டி வா என்று எழுதியிருக்கிறார்.