கல்யாணம் ஆனால் போதுமா? எல்லை தாண்டிய ஜோடிகளைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

கல்யாணம் முடிந்துவிட்டது. பெண் ஒரு நாடு, மாப்பிள்ளை வேறொரு நாடு. இனிமேல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டியதுதானே? அதுதான் இல்லை! ஊரே வாழ்த்திய கல்யாணமாக இருந்தாலும், குடிவரவு அலுவலகம் முத்திரை குத்தினால்தான் இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியும். அந்த முத்திரைக்காகக் கப்பல்கள் ஓடியிருக்கின்றன, பெண்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள், ஐ.நா. சபையே கூடி விவாதித்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற போராட்டத்தின் பின்னால் ஒரு மனைவிக்கு மறுக்கப்பட்ட அனுமதி இருந்தது தெரியுமா?

தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் குடியிருந்த ஹசன் எசோப், இந்தியாவிலிருந்து தன் மனைவி பாய் மரியத்தை அழைத்துக்கொண்டு போனார். மனைவிக்கு உள்ளே வர அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதார மணத்துக்கு இடம் தரும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்காது! ஒரே நாளில் அங்கிருந்த இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற தகுதியையே இழந்தார்கள்.

அதுவரை சத்தியாகிரகத்தில் பெண்களை இறக்காத காந்தி, இதற்குப் பிறகுதான் அவர்களையும் அழைத்தார். கஸ்தூர்பா சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்த தமிழ்ப் பெண்கள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டினார்கள். இந்தியர்கள்மீது விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுன் தலைவரியும் இந்தத் திருமணத் தீர்ப்பும்தான் அவர்களைக் கொதிக்க வைத்தவை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மையும் தாயோடு சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார். வயது 16! அதே ஆண்டில் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது, இந்தியத் திருமணங்களையும் ஏற்றுக்கொண்டது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்கு ஏன் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர் என உங்கள் பிள்ளைகள் கேட்டால், இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

சொந்த ஊரைவிட்டு நகராமலே ஒரு பெண் வெளிநாட்டுக்காரி ஆன கதை தெரியுமா?

அமெரிக்காவில் 1907-இல் ஒரு சட்டம் வந்தது. அயல்நாட்டுக்காரரை மணக்கும் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை அந்தக் கல்யாணத்தோடு போய்விடும்! கலிபோர்னியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்த எத்தல் மெக்கன்சி, பிரிட்டிஷ் குடிமகனான ஒரு பாடகரை மணந்தார். பிறகு வாக்காளராகப் பதியப் போனபோது, நீங்கள் அமெரிக்கரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போயும் 1915-இல் தோற்றார். 1922-இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதும் ஒரு ஓட்டை! குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட ஆசியரை மணந்தால் மட்டும் பழைய தண்டனையே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் இந்தியர்களையும் அந்தப் பட்டியலில் தள்ளியது. இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸை மணந்த மேரி தாஸ் இப்படித்தான் தன் சொந்த நாட்டின் குடியுரிமையை இழந்தார்!

மணப்பெண்களை மட்டுமே நம்பிக் கப்பல் ஓடியது தெரியுமா?

இரண்டாம் உலகப்போரில் கடல் கடந்து போன சிப்பாய்கள், போன இடங்களில் ஆயிரக்கணக்கில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த மனைவிகளையும் குழந்தைகளையும் குடியேற்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்காமல் உள்ளே விட, 1945 டிசம்பரில் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. 1946 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ‘அர்ஜென்டினா’ என்ற கப்பல் 450-க்கும் அதிகமான மணப்பெண்களோடும் கைக்குழந்தைகளோடும் நியூயார்க் புறப்பட்டது. கனடா சிப்பாய்கள் மணந்த அயல்நாட்டுப் பெண்கள் மட்டும் ஏறத்தாழ 48,000 பேர்! அவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கிய ஹாலிஃபாக்ஸின் 21-ஆம் துறைமுகக் கூடம் இன்று குடியேற்ற அருங்காட்சியகமாக நிற்கிறது.

மனைவிகளுக்காக ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது தெரியுமா?

சோவியத் யூனியன் 1947 பிப்ரவரியில் வெளிநாட்டவரோடு கல்யாணமே கூடாது என்று தடை விதித்தது. அதற்கு முன்பே மணந்திருந்த பெண்களுக்கும் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. கணவர் ஒரு நாட்டில், மனைவி மாஸ்கோவில்! சிலி நாடு இதை ஐ.நா.வுக்குக் கொண்டு போனது. கணவரோடு வாழவிடாமல் மனைவியைத் தடுப்பது ஐ.நா. சாசனத்துக்குப் பொருந்தாது என்று 1949 ஏப்ரலில் பொதுச்சபை தீர்மானித்தது. ஸ்டாலின் இறந்த 1953-இல்தான் அந்தத் தடை விலகியது.

காத்திருந்த காலம் 31 ஆண்டு, தெரியுமா?

வியட்நாமிலிருந்து வடகொரியாவுக்குப் படிக்கப் போன ஃபாம் ங்கோக் கான், 1971-இல் அங்கே ஓர் உரத் தொழிற்சாலையில் ரி யோங் ஹுய் என்ற பெண்ணைப் பார்த்தார். இரண்டு நாட்டு அரசுகளுமே கல்யாணத்துக்கு வழிவிடவில்லை. கடிதம் கடிதமாக எழுதிக் காத்திருந்தார்கள். 2002-இல் வடகொரியா சம்மதித்தது. வேறு யாரையும் மணக்காமல் காத்திருந்த இருவரும் ஐம்பது வயதைத் தாண்டித் தம்பதிகளானார்கள்!

டெல்லியிலிருந்து சைக்கிளில் மனைவியைத் தேடிப் போனவரைத் தெரியுமா?

ஒடிசாவின் ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா, டெல்லி கன்னாட் பிளேஸில் போவோர் வருவோரை வரைந்து பிழைத்தவர். 1975-இல் தன்னை வரையச் சொல்லி வந்த ஸ்வீடன் பெண் சார்லட்டையே மணந்தார். சார்லட் ஊர் திரும்பிய பிறகு, பின்னாலேயே போக இவரிடம் விமான டிக்கெட்டுக்குக் காசில்லை. 1977 ஜனவரியில் பழைய சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார்! ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று வழியெல்லாம் படம் வரைந்து கொடுத்துச் சாப்பிட்டு, நான்கு மாதம் கழித்து ஸ்வீடன் சேர்ந்தார். அங்கேயே குடும்பமும் குழந்தைகளுமாக நிலைத்தார்.

பாலம் தாண்டிக் குடியேறினால் கிடைக்கும், சொந்த நாட்டில் கிடைக்காது. இது தெரியுமா?

டென்மார்க் 2002-இல் ஒரு விதி கொண்டுவந்தது. வெளிநாட்டுத் துணையை அழைத்துவர வேண்டுமானால் இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும், இன்னும் பல நிபந்தனைகள். கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனின் மால்மோவுக்கு 2000-இல்தான் ஓரேசுண்ட் பாலம் திறந்திருந்தது. டேனிஷ்காரர்கள் பாலத்தைத் தாண்டி மால்மோவில் வீடு எடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போய் வாழ்பவர் துணையையும் அழைத்துக்கொள்ளலாம். குடும்பம் ஸ்வீடனில், வேலை டென்மார்க்கில், தினமும் ரயிலில் வந்து போனார்கள். மக்கள் அதைக் காதல் பாலம் என்றே அழைத்தார்கள்!

இந்தச் சட்ட வழிக்கு ஓர் இந்தியர் பெயரே இருந்தது! பிரிட்டிஷ் பெண்ணை மணந்த சுரிந்தர் சிங், அவரோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பினார். அப்படித் திரும்புகிறவரின் துணைக்கும் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2012-இல் பிரிட்டன், துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண்ட் வருமானம் வேண்டும் என்றபோது, எத்தனையோ ஜோடிகள் இந்தச் சுரிந்தர் சிங் வழியைப் பிடித்தார்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகு அது மூடப்பட்டது. வருமான வரம்போ 2024-இல் 29,000 பவுண்டாக ஏறியது.

இறந்த பிறகு ஏற்கப்பட்ட விண்ணப்பம் தெரியுமா?

அமெரிக்கர் ரிச்சர்ட் ஆடம்ஸும் ஆஸ்திரேலியர் ஆன்டனி சல்லிவனும் 1975-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் முறைப்படி உரிமம் வாங்கி மணந்தார்கள். சல்லிவனுக்கு கிரீன் கார்டு கேட்டதற்கு, குடியேற்ற அலுவலகம் வசைச்சொல்லோடு மறுப்புக் கடிதம் அனுப்பியது. 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனி கென்னடி. ஒரே பாலினத் திருமணத்தை நாடு முழுக்க ஏற்ற 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவரும் அதே கென்னடிதான்! ஆடம்ஸ் 2012-இலேயே காலமாகிவிட்டார். கல்யாணமாகி 40 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 2016-இல், அவருடைய கணவர் என்ற தகுதியில் சல்லிவனுக்கு கிரீன் கார்டு வந்தது.

குடித்தனத்துக்கு முன்னால் பரீட்சை உண்டு, தெரியுமா?

ஜெர்மனியில் துணையோடு சேர, 2007 முதல் பலருக்கு ஏ1 எனும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்ச்சி கட்டாயம். விசா கேட்கும்போதே சான்றிதழ் கையில் வேண்டும். ஆகவேதான் புதுமணப்பெண்கள் சென்னை கோத்தே நிறுவனத்தில் வினைச்சொல் மனப்பாடம் செய்கிறார்கள்! அமெரிக்காவில் நிச்சயித்தவருக்கான கே-1 விசாவில் போனால் 90 நாளுக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவர்களுக்கு முதலில் நிபந்தனையோடு இரண்டு ஆண்டு கிரீன் கார்டு. பிறகு கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், புகைப்படம் எல்லாம் காட்டி, இது நிஜக் குடும்பம்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் என்ன விதி, தெரியுமா?

இந்தியரை மணந்த வெளிநாட்டவர், கல்யாணம் பதிவாகி இரண்டு ஆண்டு நீடித்திருந்தால் ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை கேட்கலாம். அதை வைத்துக்கொண்டு காலமெல்லாம் இங்கே வாழலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். விவாகரத்து ஆனால் அந்த ஓசிஐ போய்விடும்!

இத்தனையும் சொல்வது ஒன்றைத்தான்: மணக்கும் உரிமை வேறு, சேர்ந்து வாழும் அனுமதி வேறு. இரண்டாவதை அரசுகள் பெரும்பாலும் தானாகத் தூக்கிக் கொடுத்ததில்லை. விடாமல் வழக்குப் போட்டவர்களும் சிறை சென்றவர்களும் காத்திருந்தவர்களும்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வெளிநாட்டு மருமகளோ மருமகனோ வரப்போகிறார்களா? மண்டபம் பார்க்கும் முன் விசா விதிகளைப் பாருங்கள். கல்யாணத்தை உடனே பதிவு செய்யுங்கள். கடிதம், டிக்கெட், படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இன்றைய அறிவிப்பை மட்டும் நம்புங்கள். விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தால் மனம் உடைந்து விடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள்!