கார் பார்க்கும் படலம்

ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கினாலும் பூக்காரியின் கை அளவைக் கவனித்து வாங்குகிறவர்கள் நீங்கள். கத்தரிக்காயின் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போட மாட்டீர்கள். பட்டுப்புடவை என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் பத்துப் புடவைகளை விரித்துப் போட்ட பிறகு, பதினோராவதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்ப்பீர்கள். ஆனால் பதினைந்து, இருபது லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் கார் விஷயத்தில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறார். நாம் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, "கலர் நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறோம். அவ்வளவுதான், முன்பணம் கட்டியாகி விடுகிறது!

இந்த அநியாயம் எனக்கு உறைத்தது நெய்வேலியில். என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே இருக்கிறாள். அவள் கணவர் சுரங்கத்தில் எஞ்சினீயர். "மூன்று கார்களை வீட்டு வாசலுக்கே வரவழைக்கிறோம். ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுக்கப் போகிறோம். நீயும் வாயேன்" என்று டெலிபோனில் கூப்பிட்டாள். பத்திரிகைக்காரிக்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமா? மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

நெய்வேலியைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது மண்ணோடு மண்ணாக வந்த கரிய பொருள்தான் இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. வேலை செய்பவர்களுக்காக ஒரு நகரத்தையே திட்டமிட்டுக் கட்டினார்கள். இங்கே தெருவுக்குப் பதில் வட்டம். 'எத்தனையாவது வட்டம்?' என்று கேட்டுத்தான் விலாசம் சொல்கிறார்கள். அகலமான சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள், மேடு பள்ளம் இல்லாத தரை.

கார் ஓட்டிப் பார்க்க இதைவிட மோசமான இடம் கிடையாது! ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் காரைப் பற்றி. எஞ்சினீயருக்கு செடான்தான் வேண்டுமாம். அதிலும் 'ஸ்போர்ட்டி'யாக இருக்க வேண்டுமாம். முன்னால் எஞ்சின், நடுவில் மனிதர்கள், பின்னால் தனியாக டிக்கி என்று மூன்று பெட்டிகளாகப் பிரிந்திருக்கும் காருக்கு செடான் என்று பெயர். இப்போதெல்லாம் உயரமான எஸ்.யு.வி. வண்டிகளுக்குத்தான் மவுசு. ஆனாலும் தரையோடு தரையாகப் பதுங்கிப் பாயும் செடானைக் கண்டால் சில ஆண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயசு திரும்பி விடுகிறது.

இந்த மோகம் புதிதல்ல. 1960-களில் இந்தியாவில் கிடைத்தவை மூன்றே கார்கள்: கல்கத்தாவுக்கு அருகே செய்த அம்பாஸிடர், பம்பாயில் செய்த பியட், நம் வண்டலூர் பக்கம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றில் ஹெரால்டுதான் மைனர் வண்டி. இத்தாலியரான மிச்சலோட்டி வரைந்த உருவம். முன் பக்கம் முழுவதும் மூடி மாதிரி முன்னோக்கித் திறக்கும். 25 அடி அகலத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். ஆனால் அந்தக் காலத்தில் ஓட்டிப் பார்ப்பதாவது, ஒப்பிடுவதாவது! பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த காரைக் கும்பிட்டு வாங்கிக் கொள்ள வேண்டும்.

இன்றைக்கு நிலைமை வேறு. ஹோண்டா ஸிட்டி 1998-ல் இங்கே வந்து, பல தலைமுறை மாறி, 2020-ல் ஐந்தாவது தலைமுறையாக 121 குதிரைச் சக்தியோடு வந்தது. 2022-ல் ஸ்கோடா ஸ்லாவியாவும் வோக்ஸ்வாகன் விர்ட்டஸும் வந்தன. இரண்டிலும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 150 குதிரைச் சக்தி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹுண்டாய் வெர்னா, 2023-ல் 160 குதிரைகளோடு வந்து சேர்ந்தது. இந்த எண்களை எல்லாம் எஞ்சினீயர் மனப்பாடமாக ஒப்பித்தார். விபத்துச் சோதனையில் விர்ட்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றும் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பிடம் 2023-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியதை மட்டும் என் சிநேகிதி எடுத்துச் சொன்னாள். அவரவர் கவலை அவரவர்க்கு!

வாசலுக்கு வந்த மூன்று கார்களுக்கும் நான் பெயர் சொல்லப் போவதில்லை. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வைத்துக் கொள்வோம். நான் குற்றம் சொல்லி ஒருவர் வியாபாரம் கெட வேண்டாம் பாருங்கள்.

சிவப்பு வண்டி காலையிலேயே வந்துவிட்டது. கூட வந்த இளைஞர், "வாங்க சார்" என்று சாவியை நேரே எஞ்சினீயரிடம் நீட்டினார். "மேடம் பின்னாடி உட்காருங்க. ஏ.சி. சூப்பரா இருக்கும்" என்று எங்களுக்கும் ஓர் உபசாரம். நிழல் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. எஞ்சினீயர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. பிறகு வெள்ளை வண்டி வந்தது. அதுவும் வழுக்கிற்று. நீலமும் அப்படியே! மூன்றும் பிரமாதம் என்றால் எதை வாங்குவது?

நான் சொன்னது இதைத்தான். நெய்வேலிச் சாலையில் மாட்டு வண்டிகூட மெர்ஸிடிஸ் மாதிரி போகும். கடைக்காரர்கள் சோதனைக்கென்று நல்ல சாலையாகத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். புடவைக் கடையில் போட்டிருக்கும் விளக்கு வெளிச்சம் உங்களுக்குத் தெரியாததா?

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். எழுபத்து நாலு வயசு, முழங்கால் வலி.

"ஏம்ப்பா, தெனமும் இதை ஓட்டப் போறது யாரு?"

"ஏம்மா, அவதான். எனக்குத்தான் கம்பெனி பஸ் இருக்கே."

"அப்ப சாவி உன் கையில எதுக்கு? அன்னைக்கு ராத்திரி எனக்கு மூச்சு முட்டினப்போ நீ ஷிப்டுல இருந்தே. வண்டி ஓட்டத் தெரியாம, பக்கத்து வீட்டுக் கதவை ஓடிப்போய்த் தட்டினவ இவ. அதுக்கப்புறந்தானே அழுதுகிட்டே டிரைவிங் கத்துக்கிட்டா? சாவியை அவகிட்ட குடு."

எஞ்சினீயர் பேசாமல் சாவியைக் கொடுத்தார். இளைஞர் பாடு தர்மசங்கடம். என் சிநேகிதி முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். அந்த நிமிஷமே மூன்று கார்களும் மூன்று விதமாகிவிட்டன.

அவள் ஐந்தடிதான் இருப்பாள். சிவப்பு வண்டியில் ஆசனத்தை முழுக்க உயர்த்தியும் ஸ்டியரிங் வளையத்துக்கு மேல் மூக்கு நுனிதான் தெரிந்தது. முன்னால் நகர்த்தினால் கிளட்ச் எட்டியது. ஆனால் வளையம் நெஞ்சை இடித்தது. வெள்ளையில் ஆசனத்தோடு ஸ்டியரிங்கையும் மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது. நீலத்தில் கண்ணாடி ஓரத்துத் தூண் மிகத் தடிமன். வளைவில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையனை அது அப்படியே மறைத்துவிட்டது. நல்லவேளை, வேகம் குறைவு. ஆறடி உயர எஞ்சினீயருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் உயரம் அப்படி.

"ஊருக்குள் போதும், ஆர்ச் கேட்டைத் தாண்டு" என்றேன். வெளியே போனால் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை. அகலப்படுத்தும் வேலை வருஷக்கணக்கில் இழுத்த சாலை அது. அதன் குணாதிசயம் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வடலூர் வரைக்கும் போய் வந்தோம். பின் ஆசனத்தில் மாமியார், நான், நடுவில் சிநேகிதியின் மகள், முன்னால் எஞ்சினீயர். வண்டி நிறைய ஆள். இளைஞரை டீ சாப்பிடச் சொல்லி வாசலில் விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள், விதிப்படி அவர் கூடவே வர வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் என்னையோ பெண்ணையோ இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டோம்.

ஆள் நிறைந்தால் செடான் தாழ்கிறது. ஒரு வேகத்தடையில் மூன்றில் ஒரு வண்டி வயிற்றை 'சர்ர்' என்று தேய்த்துக்கொண்டது. அதே தடையில் காலையில் எஞ்சினீயர் தனியாகப் போனபோது சத்தமே இல்லை. நீங்கள் கார் பார்க்கும்போது குடும்பத்தோடு போங்கள். இளைஞர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது இந்த டர்போ. அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிறோம் அல்லவா, அதே காரியந்தான். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அதிகமாகத் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். சின்ன எஞ்சின் பெரிய வேலை செய்யும். ஆனால் ஊதிய உடனே அடுப்பு பற்றுகிறதா? ஒரு கணம் யோசித்துவிட்டுத்தானே 'குப்'பென்று எரிகிறது! கரும்பு ஏற்றிய டிராக்டரைத் தாண்டும்போது அந்த ஒரு கணம் எத்தனை நீளம் என்று என் சிநேகிதிக்குப் புரிந்தது. மிதித்தாள், ஒன்றுமில்லை, மறு விநாடி வண்டி பாய்ந்தது. "ஐயோ!" என்றாள். நாலைந்து முறை செய்த பிறகு கால் பழகிவிட்டது. கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

இன்னொரு யுக்தியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விர்ட்டஸ், ஸ்லாவியாவின் 1.5 லிட்டர் எஞ்சினில், சமவேகத்தில் போகும்போது நாலு சிலிண்டரில் இரண்டு தானாகவே ஓய்வெடுக்கும். பால் காய்ச்ச நாலு அடுப்பும் எதற்கு என்று இரண்டை அணைக்கிற மாதிரி. இதை எழுதிய எஞ்சினீயர் வீட்டில் நிச்சயம் சிக்கனமான அம்மா ஒருத்தி இருந்திருக்க வேண்டும்.

கியர் தானாக மாறும் வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் என்று ஒரு வகை உண்டு. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. வேகத்தில் வெண்ணெய், ஆனால் கடைத்தெரு நெரிசலில் ஊரும்போது சில வண்டிகள் வெட்டி வெட்டிப் போகும். ஆகவே மெயின் பஜாரில் சாயங்கால நேரத்தில் ஒரு தடவை ஊர்ந்து பார்த்தோம். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்துக்காக இன்னொரு தடவை. அந்த இளைஞர் மிகப் பொறுமைசாலி. அவருக்கு நல்ல பெண் அமையட்டும்.

டிக்கி மூன்றிலும் ஐந்நூறு லிட்டருக்கு மேல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. லிட்டர் கணக்கு பாலுக்குச் சரி. மாமியாரின் வாக்கரையும், பண்ருட்டியில் வாங்கிய பலாப்பழத்தையும் உள்ளே வைத்துப் பார்த்தோம். ஒன்றில் இடம் ஏராளம், வாய் குறுகல். வாக்கரைத் தலைகீழாகத் திருப்பினால்தான் போயிற்று.

கடைசிச் சோதனை மாமியாருடையது. தாழ்ந்த ஆசனத்தில் உட்காருவது எளிது, எழுந்திருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு வண்டியிலும் புடவையோடு மூன்று முறை ஏறி இறங்கினார். சிவப்பில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளையில் கதவின் மேல் கைப்பிடியைப் பற்றித் தாமே எழுந்து நின்றார். "இதுல நான் யாரையும் கூப்பிட வேணாம்" என்றார்.

எஞ்சினீயரின் மனசு சிவப்பில் இருந்தது. மூன்றில் அதுதான் அதிகப் பாய்ச்சல், ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி சாப்பாட்டின்போது ஒன்றும் பேசாமல் இரண்டு முறை ரசம் விட்டுக்கொண்டார். பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். விளம்பர விலை வேறு, வண்டி சாலைக்கு வரும் விலை வேறு அல்லவா? தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தியபோது, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான காருக்கு 18 சதவிகிதம் ஆக்கினார்கள். அதற்கு மேல் இன்ஷூரன்ஸ். கூட்டி முடித்ததும் வெள்ளை வண்டியின் பக்கம் அவர் முகம் லேசாகத் திரும்பியது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை நீங்களே ஓட்டுங்க. ஆர்ச் கேட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் வேணும்னாலும் போங்க" என்றாள் என் சிநேகிதி.

மறுநாள் கடலூருக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். படிவத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் எஞ்சினீயர் பேனாவை மனைவியிடம் கொடுத்துவிட்டார். நிறம் மட்டும் அவர் இஷ்டம் என்று ஒப்பந்தம். அவர் சிவப்பு என்று எழுதச் சொன்னார்.