கோலின்றிக் கரை நீங்கும் தோணி

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி விளக்கேற்றிய தீவுகள். எரிபொருளும் கடல் கடந்தே வரவேண்டும். ஞாயிறு, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் நிலையங்களை இம்மூன்று தீவுகளிலும் இந்திய நன்கொடையுடன் அமைப்பதற்கு 2024 மார்ச் மாதத்தில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. எரிபொருளின் அருமையை இவ்வாறு அறிந்த நம்மவர்க்கு, ஞாயிற்றின் அடுப்பையே மண்ணில் மூட்ட முயலும் விஞ்ஞானிகளின் கதை சுவை தருவதாகும்.

ஐதரசனின் இனங்களான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் ஏறத்தாழ 15 கோடிப் பாகை வரை சூடாக்கினால் அவற்றின் கருக்கள் இணைந்து பெருஞ்சக்தி வெளிப்படும். அத்தகைய பிளாஸ்மாவை எப்பாத்திரமும் தாங்காது. காந்தக் கூண்டே தாங்கும். 'டோக்கமாக்' என்னும் வளைய வடிவக் கருவியில், அக்கூண்டின் ஒரு பகுதியைப் பிளாஸ்மாவினுள் ஓடும் மின்னோட்டமே நெய்கிறது.

அம்மின்னோட்டம் பிறப்பது எவ்வாறு? வளையத்தின் நடுவே ஒரு வரிச்சுருள் நிற்கும். அதன் மின்னோட்டம் மாறும்போது, நிலைமாற்றியிற் போலவே, பிளாஸ்மாவில் மின்னோட்டம் தூண்டப்படும். மாற்றம் நின்றால் தூண்டலும் நின்றுவிடும். ஆழங்குறைந்த கடலில் ஓடக்காரர் நீண்ட கோலை ஊன்றித் தோணியைத் தள்ளுவதை நாம் கண்டிருக்கிறோம். கோல் தரையைத் தொடும் வரையே அது உதவும்; அப்பால் பாய்தான் துணை. வரிச்சுருளும் அக்கோலை ஒத்ததே.

மேலும், கருவியின் நடுவிடம் மிகக் குறுகியது. நியூத்திரன்களின் தாக்குதலிலிருந்து சுருளைக் காக்கத் தடித்த கவசமும் வேண்டும். சுருளையே நீக்கினால் கருவி சிறுக்கும்; செலவும் குறையும். ஆகவே, கோலின்றிப் பாயினால் மட்டுமே கரை நீங்க இயலுமா என்று ஆராய்கின்றனர்.

வழிகள் சில உண்டு. காற்று பாயைத் தள்ளுவது போல, மின்காந்த அலைகளால் இலத்திரன்களைத் தள்ளுவது ஒன்று. ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தார் 1980களின் முற்பகுதியிலேயே இதனைச் செய்து காட்டினர். மின்வாய்களிலிருந்து மின்னோட்டத்தை நேரே காந்தப்புலத்தினுட் செலுத்தி, அதனை மூடிய வளையமாக இணையச் செய்வது மற்றொன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இவ்வழியில் 1,60,000 அம்பியர் பெற்றதாக 2006இல் அறிவித்தனர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் 'பெகாசஸ்-3' கருவியில் நடுச்சுருளே கிடையாது.

இந்தியாவில், காந்திநகரின் 'ஆதித்யா' 1989இல் இயங்கத் தொடங்கியது. அங்குள்ள எஸ்.எஸ்.டி-1 கருவி 2013இல் முதற் பிளாஸ்மாவைக் கண்டது. அதில் நுண்ணலையால் வாயுவை முதலில் அயனாக்கி, வரிச்சுருளின் சுமையைக் குறைத்தனர். கோலை முற்றாகக் கைவிடாவிடினும், அதனை இலேசாக ஊன்றும் முறை இது.

ஆயினும் வழி நெடிது. இந்தியாவும் பங்குகொள்ள, பிரான்சில் எழும் 'ஐட்டர்' கருவிக்கு 1.5 கோடி அம்பியர் தேவை. பிரின்ஸ்டனார் பெற்றது அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே. ஐட்டரும் வரிச்சுருளையே நம்பியிருக்கிறது.

இன்றைய விளக்கிற்கு வெயிலும் காற்றும் போதும். தீவகம் அதற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், 1831இல் பரடே கண்ட மின்தூண்டல் விதியைப் பரீட்சைக்காகப் படிக்கும் மாணவர், அவ்விதி எங்கே கைகொடுத்து எங்கே கைவிடுகிறது என்பதையும் சிந்திப்பாராக. இந்த ஆராய்ச்சி தொடங்குவது அவ்விடத்திலேயே.